கூகுள் நம் தளத்துக்கு அடிக்கடி வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மார்ச் மாதக் கடைசி. ஹப்புத்தளையில் தங்குமிடம் நடத்தும் ஓர் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, சீசன் விலைய மாத்தி மூணு கிழமையாச்சு. கூகுள்ல தேடினா இன்னும் போன வருஷ விலதான் வருது. வர்ற ஆளுங்க அதக் காட்டி அந்த விலைக்கே குடுங்கன்னு கேக்குறாங்க" என்றார்.

ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் கூட்டத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு மாதத்து வருமானத்தை வைத்தே மழைக்காலத்தை ஓட்டும் சின்னத் தங்குமிடங்கள் நிறைய உண்டு. அவர்களுக்குக் கூகுளில் வரும் பழைய விலை என்பது நேரடி நட்டம்.

ஹட்டனில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட சிறு தளங்களைக் கவனித்துக்கொடுப்பது என் வேலை. "கூகுள் வருவதில்லை" என்று வரும் முறைப்பாடுகள் எல்லாம் ஒரே வியாதி இல்லை. சில தளங்களுக்கு அது வரவே முடியாமல் இருக்கும். சில தளங்களுக்கு வந்து, வேண்டாத பக்கங்களில் சுற்றிவிட்டுப் போயிருக்கும். இன்னும் சிலவற்றில் ஒழுங்காக வந்து பார்த்துவிட்டு, இது தேவையில்லை என்று விட்டிருக்கும். எது என்று தெரியாமல் மருந்து போட்டால் இருக்கிறதும் கெட்டுவிடும்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன். பக்கத்தின் முகவரியைப் போட்டால் கூகுள்பாட் (தளங்களைச் சுற்றிப் படிக்கும் கூகுளின் நிரல்) அங்கே கடைசியாக வந்த நாளும் நேரமும் தெரியும். இரண்டாவது, செட்டிங்ஸ் உள்ளே இருக்கும் கிரால் ஸ்டாட்ஸ். கடந்த 90 நாளில் எத்தனை தடவை வந்தது, எந்தெந்த முகவரிகளைக் கேட்டது, உங்கள் தளம் இருக்கும் கணினியான சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். தளம் முழுவதையும் பதிந்திருந்தால்தான் இந்த அறிக்கை கிடைக்கும். ஓர் உள்கோப்புறையை மட்டும் பதிந்திருந்தால் கிடைக்காது.

கூகுள்பாட் வரும் முறையைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சுற்றோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். நல்லாகத் துளிர்க்கும் மலைக்கு ஏழெட்டு நாளில் மறுபடி ஆள் போகும். துளிர்க்காத மலைக்குச் சுற்று தள்ளிப்போகும். துளிர்த்திருந்தாலும் பாதை இடிந்து கிடந்தால் போக முடியாது. கூகுளும் இந்த இரண்டையும்தான் கணக்குப் பார்க்கிறது: இந்தத் தளத்தில் புதிதாக எடுக்க ஏதாவது இருக்கிறதா, எத்தனை கோரிக்கைகளை இந்தச் சர்வர் தாங்கும்.

"புதுத் தளம். ஒரு தடவைகூட வரவில்லை"

தளத்தை வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியிருந்தால் முதலில் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தைத் திறங்கள். கீழே, தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, திறந்துவிடும் நாளில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். புதுத் தளங்களில் நான் அதிகம் கண்ட கோளாறு இதுதான். டிக்கை எடுத்துச் சேமித்தால் முடிந்தது.

அப்புறம் ரோபாட்ஸ் கோப்பு (robots.txt). எவற்றைத் திறக்கலாம், எவற்றைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்வது அது. அதில் டிஸ்அலோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால் தளம் முழுவதும் பூட்டு என்று அர்த்தம்.

இவை இரண்டும் சரியென்றால் உள் இணைப்புகளைப் பாருங்கள். மெனுவை அமத்தினால் பக்கம் திறக்கிறது; ஆனால் அந்த மெனு ஸ்கிரிப்டில் ஓடும் வெறும் பட்டனாக இருக்கலாம். கூகுள்பாட் பட்டனை அமத்திப் பார்க்காது. முகவரி எழுதிய உண்மையான இணைப்பாக இருந்தால்தான் அதன் வழியே போகும். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பை சர்ச் கன்சோலில் சேருங்கள். வெளியே எங்கிருந்தாவது ஓர் இணைப்பும் தேவை: பழைய மாணவர் சங்கத் தளம், கோயில் தளம், ஊர்ச் செய்தித் தளம், ஏதாவது ஒன்று. பேஸ்புக்கில் பகிர்ந்தால் ஆட்கள் வருவார்கள்; கூகுள்பாட்டை அழைத்துவர அதை நம்பியிருக்க வேண்டாம்.

"நல்லா வந்துகொண்டிருந்தது. திடீரென்று குறைந்துவிட்டது"

இப்படி நடந்தால் நான் பக்கங்களை விட்டுவிட்டு முதலில் சர்வரைத்தான் பார்ப்பேன். கிரால் ஸ்டாட்ஸில் ஹோஸ்ட் ஸ்டேட்டஸ் என்ற பகுதி இருக்கிறது. டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் ஏற்பாடு), ரோபாட்ஸ் கோப்பு, சர்வர் தொடர்பு ஆகிய மூன்றில் எது சொதப்பியது என்று அங்கே தெரியும்.

கொட்டகலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பழைய வினாத்தாள்களை ஒரு தளத்தில் போட்டு வருகிறார். நல்ல தளம். பிள்ளைகள் தேடி வருவார்கள். ஒரு மாதத்தில் கூகுள் வருகை முற்றாக நின்றுபோனது. ஹட்டனில் என் கணினியில் திறந்தேன், திறக்கிறது. அவருடைய போனிலும் திறக்கிறது. சர்ச் கன்சோலில் லைவ் டெஸ்ட் போட்டால் மட்டும் பக்கம் கிடைக்கவில்லை என்கிறது. பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்: வெளிநாட்டிலிருந்து வேண்டாத கோரிக்கைகள் வருகின்றன என்று ஹோஸ்டிங் காரர்களிடம் முறையிட்டாராம். அவர்கள் ஃபயர்வாலில் இலங்கைக்கு வெளியே இருந்து வரும் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இங்கேதானே இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்து வருகிறது. அது வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கூகுள் தன் பாட்களின் ஐபி வரிசைகளைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. அவற்றை மட்டும் அனுமதிக்கச் சொல்லுங்கள். கூகுள்பாட் என்று பெயரை மட்டும் போட்டுக்கொண்டு வரும் போலிகளும் உண்டு. வந்த ஐபியை ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் தேடி, கிடைக்கும் பெயர் கூகுளுடையதா என்று பார்த்து, அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வருகிறதா என்றும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சர்வர் 500 வரிசைப் பிழைகளையோ (சர்வரில் கோளாறு) 429ஐயோ (கோரிக்கைகள் அதிகம்) திரும்பத் திரும்பக் கொடுத்தால், கூகுள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரோபாட்ஸ் கோப்பே 500 கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கோப்பைப் படிக்க முடியாதபோது கூகுள் முதல் 12 மணி நேரம் தளம் முழுவதையும் தொடாது. அதன்பின் 30 நாள்வரை, தன்னிடம் இருக்கும் பழைய பிரதியை வைத்து நடக்கும். இத்தனைக்கும் உங்கள் முகப்புப் பக்கம் அழகாகத் திறந்துகொண்டிருக்கலாம். அதனால் அந்தக் கோப்பைத் தனியாகத் திறந்து பார்க்க மறக்காதீர்கள்.

கடையின் பின்னறையில் ஒரு கணினியை வைத்து அதிலேயே தளம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச் முடிவில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்த நாட்களில் அந்தத் தளங்கள் எல்லாம் படுத்துவிட்டன. இப்போதும் இடி மின்னல் காலத்தில் இது நடக்கும். செலவு குறைவுதான், ஆனாலும் வாடிக்கையாளர் வரவேண்டிய தளத்தை அப்படி வைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். திருத்த வேலைக்காக நீங்களே மூடுவதானால் 503 (தற்காலிகமாக மூடியிருக்கிறது என்ற பதில்) கொடுத்து மூடுங்கள். ஓரிரு நாளுக்கு மேல் அப்படியே விட்டால் கூகுள் பக்கங்களைக் கைவிடத் தொடங்கும்.

"அடிக்கடி வருகிறது. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் வரவில்லை"

ஹப்புத்தளை அண்ணனின் கதை இதுதான். அவருடைய தளத்தில் உண்மையான பக்கங்கள் 14. அறைகள், விலை, லிப்டன்ஸ் சீட் போகும் வழி, ரயில் நேரம், இப்படி. விலைப் பக்கத்தை இன்ஸ்பெக்‌ஷனில் போட்டேன். கடைசி வருகை ஜனவரி. சரி, கூகுள் வரவில்லை போலும் என்று நினைத்துக் கிரால் ஸ்டாட்ஸைத் திறந்தால், தினமும் நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறது. எங்கே என்று உதாரண முகவரிகளைப் பார்த்தேன். எல்லாம் காலண்டர். 2029 ஆகஸ்ட், 2031 பெப்ரவரி, 2034 நவம்பர்.

அறை காலியா என்று பார்க்க வைத்த காலண்டரில் "அடுத்த மாதம்" என்ற இணைப்புக்கு முடிவே இல்லை. ஆறு அறைகள், மூன்று மொழிகள், ரூபாய், டொலர், யூரோ என்று மூன்று நாணயங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரி. ஆக ஒரு மாதத்துக்கு 54 முகவரிகள், ஒரு வருடத்துக்கு 648, பத்து வருடத்துக்கு 6,480. அவ்வளவும் வெறும் கட்டங்கள். பாவம், கூகுள்பாட் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறது. சில ஆயிரம் பக்கங்களுக்குக் குறைந்த தளங்கள் இந்த வருகைக் கணக்கைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்று கூகுள் சொல்கிறது, உண்மைதான். ஆனால் 14 பக்கத் தளத்தை ஆயிரக்கணக்கான பக்கங்களாக மாற்ற இப்படி ஒரு காலண்டர் போதும்.

மூன்று வேலை செய்தோம். காலண்டரை 12 மாதத்தோடு நிறுத்தினோம். அதற்கு அப்பால் கேட்டால் 404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பதில். நாணயத்தை முகவரியிலிருந்து எடுத்துவிட்டோம். காலண்டர் கோப்புறையை ரோபாட்ஸ் கோப்பில் அடைத்தோம். கூகுள் அந்தக் கோப்பின் பிரதியை 24 மணி நேரம்வரை வைத்திருக்கும் என்பதால், அடைத்த உடனே பலன் தெரியாது.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, வருகையை மிச்சப்படுத்த, தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியைப் போடுவது. அந்தக் குறி பக்கத்தின் உள்ளே இருக்கிறது. அதைப் படிக்கவே கூகுள்பாட் பக்கத்தைத் திறக்கவேண்டும். மிச்சமாவது ஒன்றுமில்லை. ரோபாட்ஸ் கோப்பில் அடைத்துவிட்டு நோஇண்டெக்ஸும் போட்டால், அந்தக் குறியை அது காணவே போவதில்லை. இரண்டாவது, ஓர் இடத்தை அடைத்தால் அந்த வருகை தானாக மற்றப் பக்கங்களுக்குத் திரும்பும் என்று நம்புவது. சர்வர் ஏற்கெனவே அதன் எல்லையில் திணறிக்கொண்டிருந்தால் மட்டும்தான் அப்படித் திரும்பும். அண்ணனுடைய மலிவு ஹோஸ்டிங் அப்படித்தான் திணறிக்கொண்டிருந்தது. காலண்டர் ஒவ்வொன்றும் டேட்டாபேஸைப் போய் எழுப்பியதால், ஒரு பதிலுக்கு மூன்று விநாடிக்கு மேல் போனது. ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் போட்டு அதையும் குறைத்தோம்.

கடைத் தளங்களில் காலண்டருக்குப் பதிலாக நிறம், அளவு, விலை என்று வடிகட்டும் பட்டியல்கள் இதே வேலையைச் செய்யும்.

"முகப்புக்கு வருகிறது. உள்ளே திருத்தியதைக் காணவில்லை"

சைட்மேப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடைசியாகத் திருத்திய திகதி ஒன்று இருக்கும், லாஸ்ட்மாட் என்பார்கள். கூகுள் அதைப் பார்க்கிறது, ஆனால் அது உண்மையாக இருக்கும்வரைதான். சில பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) தினமும் எல்லாப் பக்கங்களுக்கும் அன்றைய திகதியைப் போட்டுவிடும். வந்து பார்த்தால் ஒன்றும் மாறவில்லை என்று நாலு தடவை கண்டால், உங்கள் திகதியை அது நம்புவதை விட்டுவிடும். பிறகு நிஜமாகவே விலை மாற்றும் நாளில் உங்கள் சொல் எடுபடாது. அடிக் குறிப்பில் வருடத்தை மாற்றுவதெல்லாம் திருத்தம் இல்லை. அதே சைட்மேப்பில் எவ்வளவு அடிக்கடி மாறும், எவ்வளவு முக்கியம் என்று எழுதும் இரண்டு இடங்களையும் கூகுள் கண்டுகொள்வதே இல்லை. அவற்றை நிரப்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

வேர்ட்பிரஸ் 2020இல் 5.5 பதிப்பிலிருந்து தானே சைட்மேப் தருகிறது. ஆனால் லாஸ்ட்மாட் திகதி 2024இல் வந்த 6.5 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய பதிப்பில் பிளகின் எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் சைட்மேப்பில் திகதியே இருக்காது. அதைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

வெலிமடைப் பக்கத்தில் ஒரு தம்பி கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா விலைகளைத் தினமும் போடுகிறான். நாளுக்கு ஒரு புதுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பத்து எண்கள், வேறொன்றும் இல்லை. நேற்றைய பக்கத்தை இன்று யாரும் தேடமாட்டார்கள். ஒரே முகவரியில் இன்றைய விலையை மாற்றிக்கொண்டே போகச் சொன்னேன். பழையவை மாதத்துக்கு ஒரு பக்கமாகச் சேரட்டும். வரும்போதெல்லாம் அந்த முகவரியில் ஏதாவது மாறியிருப்பதைக் கூகுள் காணும்போது அதன் சுற்று நெருங்குகிறது. அந்தப் பக்கத்துக்கு முகப்பிலிருந்து நேரடி இணைப்பும் வைத்தோம். மூன்று நான்கு கிளிக் உள்ளே கிடக்கும் பக்கத்தைக் கூகுளும் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு மறுபக்கம் நல்லதண்ணியில் இருக்கும் யாத்திரிகர் தங்குமிடங்கள். சிவனொளிபாதமலைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. நடுவில் ஆறேழு மாதம் அந்தத் தளங்களில் ஓர் எழுத்தும் மாறாது. அதனால் கூகுள் எப்போதாவது எட்டிப்பார்க்கும். டிசம்பர் முதல் வாரத்தில் விலையை மாற்றிவிட்டு உடனே தெரியவேண்டும் என்றால் கஷ்டம். அவர்களிடம் நான் சொல்வது, நவம்பர் தொடங்கும்போதே பக்கத்தைத் திருத்துங்கள் என்று. பாதை நிலைமை, பஸ், மழை என்று எழுத எவ்வளவோ உண்மையான விஷயம் இருக்கிறது.

"தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களில்தான் பிரச்சினை"

தமிழ் முகவரியைக் கூகுள் படிக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். சிக்கல் வேர்ட்பிரஸ் அதை வெட்டும் விதத்தில். முகவரிக்கு அது 200 இடம் தருகிறது. குறியாக்கம் செய்தபின் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 9 இடம் போகும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனிக்குறிகள். ஆக மொத்தம் 22 குறிகளோடு சரி.

"மலையகத் தோட்டத் தொழிலாளர் சம்பளம்" என்று தலைப்பு வைத்தால், முகவரி "மலையகத்-தோட்டத்-தொழிலாளர" என்று நின்றுவிடும். கடைசிப் புள்ளிக்குக்கூட இடமில்லை. அதே சொற்களில் தொடங்கும் அடுத்த கட்டுரைக்கும் அதே முகவரி வரப்பார்க்கும், வாலில் 2 ஒட்டும், அடுத்ததற்கு 3. எது எந்தக் கட்டுரை என்று உங்களுக்கே தெரியாது. நீளமான சதவீதக் குறிகளாக வாட்ஸ்அப்பில் போகும்போது பாதியில் வெட்டுப்பட்டு, 404இல் போய் நிற்கும் இணைப்புகளும் சேரும்.

புதுக் கட்டுரைகளுக்கு முகவரியை நீங்களே இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பழையவற்றைக் கைவைக்காமல் விடுவது நல்லது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 போடுங்கள்.

"வந்து பார்த்தது, இண்டெக்ஸ் பண்ணவில்லை"

இண்டெக்ஸ் என்பது தேடலில் காட்டக் கூகுள் சேர்த்து வைக்கும் பட்டியல். சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் இரண்டு வரிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "கண்டுபிடித்தது, இன்னும் இண்டெக்ஸ் ஆகவில்லை" என்றால் முகவரி தெரியும், வரவில்லை. மேலே சொன்னவற்றைப் பாருங்கள். "வந்து பார்த்தது, இண்டெக்ஸ் ஆகவில்லை" என்றால் வருகையில் குறை இல்லை. இன்னும் அடிக்கடி வரவைத்தாலும் அதே பதில்தான். நுவரெலியாவில் தங்குமிடம், எல்லவில் தங்குமிடம், பண்டாரவளையில் தங்குமிடம் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பந்தியை ஒட்டிய பக்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து கிடக்கும். ஒன்றாகச் சேர்த்து, நீங்கள் நேரில் அறிந்ததை எழுதுங்கள்.

"ரிக்வெஸ்ட் பட்டனை அமத்திக்கொண்டே இருக்கிறேன்"

இந்தப் பக்கத்தை இண்டெக்ஸ் பண்ணு என்று சர்ச் கன்சோலில் கேட்கும் பட்டன் அது. ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை அமத்தினால் போதும். பத்துத் தடவை அமத்தினாலும் வரிசையில் முன்னால் போகமாட்டீர்கள். அன்றைய அளவுதான் தீரும். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

உங்கள் தளத்தை ஆயிரம் இடங்களுக்குப் பிங் பண்ணி (ping, தளம் மாறிவிட்டது என்று தகவல் அனுப்பி) தருகிறோம் என்று காசு கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். சைட்மேப்பைப் பிங் பண்ணும் வசதியைக் கூகுள் 2023இல் நிறுத்திவிட்டது. பக்கங்களை நேரடியாகக் கூகுளுக்கு அறிவிக்கும் இண்டெக்சிங் ஏபிஐ என்பது வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை ஒளிபரப்புகளுக்கும் மட்டும். மற்றப் பக்கங்களுக்கு அதைச் செருகித் தருகிறேன் என்பவரை நம்பவேண்டாம். பக்கம் மாறியதைத் தேடுபொறிகளுக்கு உடனே அறிவிக்கும், 2021 ஒக்டோபரில் வந்த இண்டெக்ஸ்நவ் நல்ல வசதி, இலவசம். மைக்ரோசாஃப்டின் பிங் (Bing), யாண்டெக்ஸ் போன்ற தேடுபொறிகள் அதை ஏற்கின்றன, கூகுள் ஏற்பதில்லை. இருந்தாலும் போட்டு வையுங்கள். டக்டக்கோ என்ற தேடுபொறி பெருமளவு அந்தப் பிங்கின் முடிவுகளைத்தான் காட்டுகிறது, வெளிநாட்டுப் பயணிகளில் அதைப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள்.

அவசரத்துக்கு ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு அன்றைக்கே செய்து கொடுத்தேன். சர்ச் கன்சோலில் ரிமூவல்ஸ் பகுதிக்குப் போய், பக்கத்தை நீக்காமல், அதன் பழைய விவரத்தை மட்டும் அழிக்கும் தெரிவை எடுக்கவேண்டும். அடுத்த வருகைவரை தேடல் முடிவில் தலைப்பும் முகவரியும் இருக்கும், கீழே இருக்கும் பழைய வரிகள் போய்விடும். மற்றத் தெரிவைத் தவறி எடுத்தால் பக்கமே தற்காலிகமாகத் தேடலிலிருந்து மறைந்துவிடும், கவனம். கூடவே, கூகுள் மேப்பில் வரும் அவருடைய வணிக விவரத்திலும் சீசன் விலையை எழுதிப் போட்டோம். அது தளத்தின் வருகைக்காகக் காத்திருப்பதில்லை.

மாலையில் அண்ணன் திரும்ப எடுத்தார். "தம்பி, பழைய வில போயிட்டு. புது வில எப்ப வரும்?"

காலண்டரை அடைத்து ஒன்பதாம் நாள் கூகுள்பாட் விலைப் பக்கத்துக்கு வந்தது. அதிகாலை 3.40க்கு.